கல்யாணப் பந்தலில் எனக்குக் கிடைத்த மூச்சு

போன வருடம் மே மாதம், ஒரு புதன்கிழமை, பகல் பதினோரு மணி. என் ஆக்சிஜன் சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. கரண்ட் போய்ப் பதினெட்டு மணி நேரம் ஆகியிருந்தது. வெளியே அனல். வீட்டில் நான் ஒருத்தி. இன்றோடு என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சபையில் எழுந்து நின்று சொல்ல ஆசைதான். ஆனால் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் எனக்கு இளைக்கும். அதனால் எழுத்தாகவே கேளுங்கள், என் சகோதர சகோதரிகளே.

என் பெயர் சலோமி. வயது நாற்பத்தொன்று. பிறந்தது ஊத்துக்கோட்டைப் பக்கம். ஆந்திராவில் வரதய்யபாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் கிராமத்துக்கு மருமகளாக வந்து இருபது வருடம் ஆகிறது. என் கணவர் ஜெயராஜ் கரண்ட் ஆபீசில் லைன்மேன். ஒரே மகள் சென்னையில் நர்சிங் படிக்கிறாள்.

மூன்று வருடத்துக்கு முன் எனக்கு நிமோனியா வந்தது. காய்ச்சல் இறங்கியது, ஆனால் நுரையீரலில் தழும்பை விட்டுவிட்டுப் போனது. திருப்பதி டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, இந்த இடமெல்லாம் இனி வேலை செய்யாதம்மா என்றார். அன்றிலிருந்து மூக்கில் குழாய். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின். அறையில் இருக்கும் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து எனக்குக் கொடுக்கும். கரண்ட் இருந்தால்தான் அது ஓடும். கரண்ட் போனால் நாலு மணி நேரத்துக்கு இன்வர்ட்டர். அதற்கு மேல் சிலிண்டர்.

குழாய் வந்த பிறகு நான் வெளியே போவதை நிறுத்திவிட்டேன். சபைக்குக்கூட இரண்டு வருடம் போகவில்லை. குழந்தைகள் என் மூக்கையே பார்ப்பார்கள். பெரியவர்கள் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். எனக்கு அது இரண்டுமே தாங்காது. வீட்டிலேயே ஜெபம் பண்ணிக்கொள்கிறேன் என்று போதகரிடம் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டு சுகுணாவோடும் பேச்சு இல்லை. அவள் வீட்டுக்காரர் பாஸ்கர் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறவர். அவர்கள் வீட்டில் கம்பியில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுத்தார்கள். என் கணவர் மூன்று தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, நாலாவது தரம் ஏணி போட்டு ஏறி அறுத்துவிட்டார். தெருவே கூடிவிட்டது. சுகுணா மண்ணை வாரித் தூற்றினாள். அன்றிலிருந்து அவள் வாசலில் நின்றால் நான் உள்ளே போய்விடுவேன். நான் ஜன்னலைத் திறந்தால் அவள் கதவைச் சாத்துவாள்.

அந்த மே மாத வெயிலை இந்தப் பக்கத்து ஜனங்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். தெலுங்கில் வடகாலி என்பார்கள், அந்த அனல் காற்று பத்து நாளாக அடித்துக்கொண்டிருந்தது. காலை ஒன்பது மணிக்கே தெருவில் நாய்கூட இருக்காது. குழாயைத் திறந்தால் கொதிக்கிற தண்ணீர் வரும். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வானம் திடீரென்று மண் நிறமாக மாறியது. ஒரு சொட்டு மழை இல்லை. வெறும் சூறைக் காற்று. பக்கத்துத் தெருவில் ஒரு கூரைத் தகடு பறந்துபோய் விழுந்த சத்தம் கேட்டது. பிறகு என் மெஷின் கீச்சென்று கத்தி நின்றது.

கால் மணி நேரத்தில் காற்று அடங்கிவிட்டது. வெக்கை அடங்கவில்லை.

என் கணவர் சைக்கிள் ட்யூபில் செய்த கையுறை, இடுப்பு பெல்ட், கயிறு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பியவர்தான். இரவு முழுக்க வரவில்லை. செல்போன் டவரும் செத்துவிட்டது. ஒன்பது மணிக்கு இன்வர்ட்டர் தீர்ந்தது. சிலிண்டரைத் திறந்து குழாயை அதில் மாட்டிக்கொண்டேன். எங்களிடம் இரண்டு சின்ன சிலிண்டர் உண்டு. ஒன்று நிரப்புவதற்காகத் திருப்பதிக்குப் போயிருந்தது. கையில் இருந்த இந்த ஒன்றும் முழுசாக இல்லை.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் வந்தார். சட்டை முழுக்க உப்பு பூத்திருந்தது. கண் இரண்டும் ரத்தச் சிவப்பு.

"பதினாலு கம்பம் சாஞ்சிக்கீது சலோமி. நாலு கம்பம் நடுவால ஒடஞ்சி பூட்ச்சி. திருப்பதி ரோட்ல புளியமரம் குறுக்கால விழுந்துக்கீது. ஒரு வண்டியும் வர்ல, போவல."

"நம்ம லைன் எப்ப வரும்?"

"ஆஸ்பத்திரி லைன மொதல்ல எடுக்கணும்ன்றாரு எஞ்சினியரு. பிரசவமான பொம்பளைங்க, பச்சக் கொழந்தைங்கல்லாம் அங்க கீறாங்க. அதுக்கப்பறம்தான் நம்ம லைன்." கட்டிலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்தார். "நான் போவல. ஊட்ல இப்பிடின்னு சார்கிட்ட சொல்லிட்டேன். சரி, நீ இரு ஜெயராஜின்னு சொல்ட்டாரு."

இருங்க என்று சொல்லத்தான் என் வாய் துடித்தது. உங்களிடம் மறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பிரிவில் உடைந்த கம்பத்தின் மேல் ஏறி வேலை பார்க்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதில் இவர் ஒருவர். இவர் இங்கே என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் அங்கே யாரோ ஒரு தாய் பச்சைக் குழந்தையை விசிறிக்கொண்டு இருப்பாள். நானும் பெற்றவள்தான்.

"போங்க," என்றேன். "சிலிண்டர்ல இன்னும் பாதி கீது. சாயங்காலம் வரிக்கும் தாங்கும்."

அது பொய். முள் பாதிக்கு எவ்வளவோ கீழே இருந்தது. அவர் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் ஈரத் துண்டை மீட்டரின் மேல் போட்டு மூடியிருந்தேன்.

"சுகுணாவயாவது வந்து பாத்துக்க சொல்லட்டா?"

"வேணாம். அவகிட்ட போயி நிக்காதீங்க."

பழைய சோறு நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, ஜன்னலில் ஈரப் புடவை கட்டித் தொங்கவிட்டு, வாளியில் தண்ணீர் வைத்துவிட்டு அவர் போனார். அவர் தலை மறைந்ததும் சிலிண்டரிலிருந்து வரும் காற்றைப் பாதியாகக் குறைத்தேன். மிச்சம் பிடிக்கலாம் என்று. பத்து மணிக்கெல்லாம் தலை சுற்றியது. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் சின்ன மெஷின் எண்பத்திநாலு காட்டியது. என் டாக்டர் எண்பத்தெட்டுக்குக் கீழே போகவே கூடாது என்று சொல்லியிருந்தார்.

பதினோரு மணிக்குத்தான் முள் சிவப்புக்கு வந்தது. ஜன்னல் புடவை காய்ந்து மொடமொடவென்று ஆகியிருந்தது. எழுந்து நனைக்கத் தெம்பில்லை. அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஆமாம், ஆண்டவர்மேல்தான். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறாரே என் புருஷன், மழையில் ஏறினார், புயலில் ஏறினார், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய் ஏறினார். அவர் பெண்டாட்டி கரண்ட் இல்லாமல் சாகத்தான் வேண்டுமா? நீர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீரா?

இவ்வளவையும் வாயால் சொல்லவில்லை. சொல்ல மூச்சு ஏது? நெஞ்சுக்குள் சண்டை போட்டேன். சண்டை போட்டு ஓய்ந்த பிறகு என்னிடம் மிச்சம் இருந்தது இரண்டு வார்த்தை. "இயேசப்பா, மூச்சு." அவ்வளவுதான். உருட்டிப் பேசும் ஜெபமெல்லாம் எனக்குத் தெரியும். பெண்கள் கூட்டத்தில் அரை மணி நேரம் ஜெபித்தவள் நான். அன்றைக்கு இரண்டே வார்த்தை. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது.

"ஏமக்கா! எப்பதான் வரும் கரண்ட்டு? ஒங்க ஊட்டுக்காரரு இன்னாதான் பண்ணிக்கினு கீறாரு? நேத்திக்கி சாயங்காலத்துலேர்ந்து கொழந்தைங்க வெந்து சாவுதுங்க!"

சுகுணா. இரண்டு வருடத்துக்குப் பிறகு என் வாசலுக்கு வந்திருக்கிறாள். சண்டைக்குத்தான் வந்தாள். அதை அவளே இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள். பதில் வரவில்லை என்றதும், தாழ்ப்பாள் போடாமல் இருந்த கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது.

"அய்யோ தேவுடா! ஒதடெல்லாம் நீலமா பூட்ச்சே!"

நான் சிலிண்டர் மீட்டரைக் கையால் காட்டினேன். அவளுக்கு அது புரிந்ததோ என்னவோ, என் கண் புரிந்துவிட்டது. "ஏவண்டி! பண்டி தீய்!" என்று தெலுங்கில் தன் வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிட்டாள், வண்டியை எடு என்று.

பாஸ்கர் ஓடிவந்தார். அவர்தான் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கி போவ முடியாது, ரோட்ல மரம் கீது. முனிரத்தினம் பொண்ணுக்கு இன்னிக்கி கல்யாணம். காலைல நான்தான் நாற்காலி கொண்டுபோயி எறக்கனேன். அங்க ஜெனரேட்டரு ஓடிக்கினு கீது."

முனிரத்தினம் யாரென்று எனக்குத் தெரியாது. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அடுத்த கிராமத்தில் கரும்பு போடுகிறவராம். மரம் விழுந்த இடத்துக்கு இந்தப் பக்கமே அவர் வீடு.

கல்யாண வீட்டுக்கா? நைட்டியோடு, மூக்கில் குழாயோடு? அந்த நேரத்திலும் எனக்கு வெட்கம் வந்தது. தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. சுகுணா என்னை ஒரு அதட்டு அதட்டினாள்.

"கம்முனு இரு அக்கா! நீ செத்துட்டா, உன் ஊட்டுக்காரரு கம்பத்து மேலேர்ந்து எறங்கி வந்தா அவரு மூஞ்சில நான் எப்பிடி முழிக்கறது?"

குட்டி யானையின் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தார்கள். மெஷினைத் தூக்கி வைத்தார்கள். கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருந்த சிலிண்டரையும் வைத்தார்கள். சுகுணா ஒரு கையால் என்னை அணைத்து, ஒரு கையால் குடை பிடித்தாள். வண்டித் தகடு அடுப்புச் சட்டி மாதிரி காய்ந்தது. தோசைக்கல்லில் நிற்பது போல் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே வந்தாள். செருப்பு போட மறந்திருந்தாள்.

பந்தலுக்குப் போனபோது பன்னிரண்டரை. முகூர்த்தம் காலையிலேயே முடிந்துவிட்டது. சாப்பாட்டுப் பந்தி நடந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கரில் தெலுங்குப் பாட்டு. பந்தலின் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு இரண்டு கூலர். இருநூறு பேர் இருப்பார்கள். வண்டியிலிருந்து என்னைத் தூக்கி இறக்கியதும் அத்தனை தலையும் திரும்பியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பாஸ்கர் முனிரத்தினத்திடம் என்ன சொன்னார் என்று தெரியாது. அவர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்து, தன் கையாலேயே என் மெஷினைத் தூக்கிப் பந்தலுக்குள் கொண்டுபோனார். வயரைச் சொருகினார்கள். மெஷின் ஓடியது. குழாயை மாட்டினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கீச்சென்று கத்தி நின்றுவிட்டது. மறுபடி போட்டார்கள். மறுபடி நின்றது.

ஜெனரேட்டர்காரர் வந்து பார்த்தார். "சின்ன ஜெனரேட்டரு சார் இது. கூலரு ரெண்டும் இழுக்கறப்ப ஓல்டேஜ் எறங்குது. மெஷினு தாங்கல."

முனிரத்தினம் உடனே மைக்செட்டை நிறுத்தச் சொன்னார். பாட்டு நின்றது. மெஷின் மூன்று நிமிடம் ஓடியது. திரும்ப நின்றது. விரல் மெஷினைச் சுகுணா பார்த்தாள். எழுபத்தாறு. அவளுக்கு அந்த நம்பரின் அர்த்தம் தெரியாது. எனக்குத் தெரியும்.

"கூலர நிறுத்துங்க," என்றார் முனிரத்தினம்.

அப்போது மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் ஒருவர் எழுந்தார். மாப்பிள்ளையின் தாய்மாமனாம். நல்ல உடம்பு, பெரிய மீசை. "இன்னா சம்பந்தி இது? எங்காளுங்கள கூப்ட்டுகினு வந்து வேகவெக்கப் போறீங்களா? பந்தில வயசானவங்க கீறாங்க. வெளிய எவ்ளோ வெயிலுன்னு தெரியுதா?" பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல், நல்ல காரியம் நடக்கிற இடத்தில் இதென்ன சகுனம் என்றது. முனிரத்தினம் நடுவில் நின்றார். பெண்ணைக் கொடுத்துவிட்டு நிற்கிற மனிதர். அவர் கஷ்டம் எனக்குப் புரிந்தது. என்னைக் கொண்டுபோய்விடு என்று சுகுணாவிடம் கை காட்டினேன்.

மணமேடையிலிருந்து கல்யாணப் பெண் எழுந்தாள். லாவண்யா. இருபத்திமூன்று வயது இருக்கும். கழுத்தில் இரண்டு மாலை, நெற்றியில் கல்யாணப் பட்டமான பாசிகம், கை நிறைய வளையல். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. விறுவிறுவென்று நடந்து வந்தாள். முதல் கூலரின் வயரைப் பிடுங்கினாள். அந்தப் பக்கம் போய் இரண்டாவதையும் பிடுங்கினாள். பிறகு அந்தத் தாய்மாமனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"வேர்த்தா தொடச்சிக்கலாம் மாமா. அந்த அக்காவுக்கு மூச்சு நின்னுட்டா நாம இன்னா பண்ணுவோம்?"

குரலில் கோபமே இல்லை. மரியாதையாகத்தான் கேட்டாள். புது மருமகள், தாலி ஏறி ஆறு மணி நேரம்கூட ஆகவில்லை. மாப்பிள்ளை எழுந்துவந்து அவள் பக்கத்தில் நின்றான். அவன் அப்படி நின்றதே போதும். மாமன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

என் மெஷின் ஓடியது. இந்தத் தரம் நிற்கவில்லை.

எண்பது. எண்பத்திமூன்று. எண்பத்தேழு. தொண்ணூறு. சுகுணா ஒவ்வொரு நம்பரையும் உரக்கச் சொன்னாள், ஏலம் விடுகிற மாதிரி. தொண்ணூறு வந்ததும் பந்தியில் யாரோ கை தட்டினார்கள். என் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. நான் கேட்டது மூச்சு. ஆண்டவர் மூச்சைக் கொடுத்துவிட்டார். எந்தக் கண்களுக்கு முன்னால் போக இரண்டு வருடம் வெட்கப்பட்டேனோ, அதே மாதிரி நானூறு கண்களுக்கு நடுவில் வைத்துக் கொடுத்தார்.

அந்த நாலு மணி நேரத்தை என்னால் மறக்கவே முடியாது. பந்தலுக்குள் அடுப்பு எரிகிற மாதிரி இருந்தது. பட்டுப் புடவைகளெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டன. ஆனால் ஒருத்தரும் முகம் சுளித்துக்கொண்டு கிளம்பவில்லை. சாப்பிட்ட வாழையிலையின் மீதி நுனிகளை, கல்யாணப் பத்திரிகைகளை, அட்டைப் பெட்டி மூடிகளை எடுத்து ஒருத்தரை ஒருத்தர் விசிறிக்கொண்டார்கள். பெண்கள் முறை போட்டு எனக்கும் விசிறினார்கள். சகுனம் பேசிய அந்தக் குரலுக்குரிய அம்மாள் வந்து என் தலையில் ஈரத் துணி வைத்தார்கள். குரலை வைத்து நான் கண்டுபிடித்தேன்.

மூன்று மணிக்கு ஜெனரேட்டர் இருமியது. டீசல் தீரப் போகிறது. பெட்ரோல் பங்க்கில் கரண்ட் இல்லாமல் பம்பு ஓடவில்லை. பாஸ்கர் தன் வண்டியிலிருந்த டீசலை இறக்கிக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பப் போக வேண்டியதைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அதுவும் எவ்வளவு நேரத்துக்கு வரும்? மறுபடி அதே இரண்டு வார்த்தை.

அந்த மீசைக்கார மாமன் எழுந்து வந்தார். ஜெனரேட்டர்காரரின் கையிலிருந்த கேனை வாங்கினார். "என் டிராக்டர்ல டீசல் கீது. காலைலதான் ரொப்பனேன்," என்றார். அவ்வளவுதான் பேசினார். அந்த வெயிலில் அவரே கீழே உட்கார்ந்து, அவர் டிராக்டரிலிருந்து டீசலைப் பிடித்துக்கொண்டு வந்தார். வெள்ளைச் சட்டையெல்லாம் கறை.

நாலே முக்காலுக்கு முனிரத்தினம் வீட்டுக்குள் ஒரு மின்விசிறி தானாகச் சுற்றியது. "கரண்ட் வந்துட்ச்சி!" என்று குழந்தைகள் கூவின. கூலரெல்லாம் ஓடின. பாட்டு போட்டார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவில் எனக்கு மட்டும் ஒன்று தெரியும். இது தானாக வந்த கரண்ட் இல்லை. பதினாலு கம்பத்தையும் நட்டு, கம்பி இழுத்து, அனலில் வெந்து, என் புருஷனும் அவர் கூட்டாளிகளும் கொடுத்த கரண்ட்.

அரை மணி நேரத்தில் அவர் வந்தார். லைன் கொடுத்ததும் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். கட்டில் காலி, மெஷின் இல்லை. அந்த இரண்டு நிமிடம் அவர் பட்ட பாட்டை இன்றைக்கும் விவரமாகச் சொல்ல மாட்டார். எதிர்வீட்டுக்காரர்கள் சொல்லி, யாருடைய பைக்கிலோ ஏறி வந்தார். முட்டி வரை புழுதி, உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம். பந்தல் வாசலில் நின்று என்னைத் தேடினார். பார்த்துவிட்டார். வந்து என் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாதி கீதுன்னு சொன்னியே சலோமி."

"பொய் சொன்னேன்."

"ஏன்?"

"நெசத்த சொன்னா நீங்க போயிருக்க மாட்டீங்க."

இருபது வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அத்தனை பேருக்கு முன்னால் அழுதார். முனிரத்தினம் வந்து, இவர் யாரு என்று சுகுணாவிடம் கேட்டார். என் கணவர்மேல் மண்ணை வாரித் தூற்றிய அந்த சுகுணா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பந்தலுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"எங்க தெரு லைன்மேனு! நேத்து சாயங்காலத்துலேர்ந்து கம்பத்து மேல கீறாரு. ஊட்ல பொண்டாட்டி இப்பிடி கெடக்கறப்ப ஊருக்கு கரண்ட்டு குட்த்துட்டு வந்துக்கீறாரு!"

அவருக்கு இலை போட்டார்கள். கைக் கொப்புளத்தால் பிசைய முடியவில்லை. கல்யாணப் பெண் ஓடிப் போய் ஒரு கரண்டி கொண்டுவந்து கொடுத்தாள். கரண்ட்காரன் என்று ஏச்சு வாங்கியே பழகியவர். ஒரு தரம் கரண்ட் போனால் நூறு வீட்டில் திட்டு, வந்தால் ஒரு வீட்டிலும் நன்றி கிடையாது. அந்த மனிதர் சாப்பிடுவதை இருநூறு பேர் சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நைட்டிமேல் துண்டு போர்த்திக்கொண்டு, மூக்கில் குழாயோடு, முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தின் நடுவில் உட்கார்ந்திருந்த எனக்கு, என் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. உண்மையாகச் சொல்கிறேன்.

ஜெனரேட்டர் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், பிழைத்தாய், இதில் ஜெபம் எங்கே வந்தது என்று என் அண்ணன் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்கிறேன். ஜெனரேட்டர் காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. நான் இங்கே செத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடமாக என் முகத்தைப் பார்க்காதவளை, பன்னிரண்டு மணிக்கு, அந்த வெயிலில், என் வாசலுக்கு நடக்க வைத்தது யார்? அவள் சண்டைக்கு வந்தாள், ஆண்டவர் அனுப்பி வந்தாள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் சபைக்கு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சிலிண்டரை என் கணவர் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சின்னப் பெண் பக்கத்தில் வந்து, இது என்ன ஆன்ட்டி என்று குழாயைத் தொட்டாள். சொன்னேன். சரி என்று போய்விட்டாள். இதற்கா இரண்டு வருடம் ஒளிந்திருந்தேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

அன்றைக்கு என் கணவர் எழுந்து சுருக்கமாகச் சொன்ன சாட்சியைக் கேட்டுத்தான் நம் சபையார் ஒரு ஜெனரேட்டர் வாங்கினீர்கள். அது பாட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் மட்டும் இல்லை, ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும் அவர்களுக்கு என்று போதகர் அன்றே சொல்லிவிட்டார். நானும் சுகுணாவும் சேர்ந்து ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். என்னைப் போல மெஷினில் இருப்பவர்கள், பிரிஜ்ஜில் ஊசி மருந்து வைத்திருப்பவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், எந்தத் தெரு, எந்த வீடு என்று எழுதியிருக்கிறோம். சுகுணா வீடு வீடாக நடப்பாள், நான் உட்கார்ந்து எழுதுவேன். அவள் நெற்றிக் குங்குமத்தோடு அம்மன் கோயிலுக்குப் போகிறவள்தான், இன்றைக்கும் போகிறாள். நோட்டின் ஒரு நகல் என் கணவர் சட்டைப் பையில் இருக்கிறது. பெரிய காற்று அடித்தால் அந்த வீடுகளுக்கு ஆள் போகிறது. இந்த வருடக் கோடையில் இரண்டு தரம் போனார்கள். லாவண்யா இப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. போன வாரம் புருஷனோடு வந்து என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்காக நீங்களும் ஜெபியுங்கள்.

என் நுரையீரல் சுகமாகவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். குழாய் இன்னும் மூக்கில்தான் இருக்கிறது. ஆனாலும் நான் நன்றி சொல்கிறேன். சத்தமாகச் சொல்ல முடிகிற அன்று சத்தமாக, முடியாத அன்று நெஞ்சுக்குள்ளே.

இதைக் கேட்கிற உங்களில் யாருக்காவது ஜெபிக்கவும் தெம்பில்லாத ஒரு பகல் வந்திருக்கலாம். இனி வரலாம். அவர்மேல் கோபமாக இருந்தால் கோபத்தோடேயே கேளுங்கள், அவர் தாங்குவார். கேட்டுவிட்டு, எழுந்து கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிடுங்கள். எந்த முகத்தோடு வந்து நிற்பார் என்று நமக்குத் தெரியாது.